சும்மா கிடக்கும் நாற்காலிகள்

அத்தியாயம் 9

காசோலை சின்னவனின் சட்டைப் பையில் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை வாடகை நாற்காலிக் கிடங்கில் வழக்கம்போலவே நடந்தது. ஈரத்துணியால் ஒருவர் துடைத்துத் தள்ள, உலர்ந்த துணியால் இன்னொருவர் துடைத்து, பத்துப் பத்தாக அடுக்கி வேனில் ஏற்றினார்கள். ஒவ்வொரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகிலும் ஒரு சிவப்பு வட்டம். அதைப் பார்த்தாலே இது எந்த வீட்டு நாற்காலி என்று ஊருக்குத் தெரியும். வீட்டுக்கே ‘வட்டம் வீடு’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

கால் ஆடுகிற நாற்காலி ஒன்று அந்த வட்டத்தோடு வெளியே போனதாக யாரும் சொன்னதில்லை. சின்னவனின் அப்பாவான பெரியவர் அப்படிச் சொல்ல விட்டதுமில்லை.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் சின்னவன் சொன்ன செய்தி வாசகர்களுக்கு நினைவிருக்கும். அக்காவுக்குப் பின் பிறந்ததால், நாற்பதை நெருங்கும் வயதிலும் அவன் சின்னவன்தான். செல்வம் சேர்க்கும் வழியைச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி. முதலில் அரை நாள் வகுப்பு. அது பிடித்துப்போனால் மூன்று மாத முழு வகுப்பு. அந்த முழு வகுப்புக்குக் கட்டணம் கட்ட, இரண்டாவது வேன் வாங்க ஒதுக்கி வைத்த பணம் அவ்வளவும் போய்விடும்.

பெரியவர் சத்தம் போடவில்லை. கை கழுவிவிட்டு வந்தார். காசோலையில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு மகனிடம் நீட்டினார்.

“உன் பங்கு. யார் பேரை எழுதணும்னு நீயே முடிவு பண்ணிக்க.”

வளர்ந்த பிள்ளையின் பங்கைத் தடுத்து வைப்பது அந்த வீட்டின் மரியாதைக்கு ஏற்றதல்ல. வேண்டாமப்பா என்று அவனிடம் கெஞ்சுவது அதைவிடவும் ஏற்றதல்ல. பெரியவர் அப்படித்தான் வளர்ந்தார், அப்படித்தான் நடந்துகொண்டார்.

அதன் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. அதே பயிற்சியின் அரை நாள் வகுப்புக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கே, நாற்காலி கேட்டு ஆர்டர், வேறு எங்கும் போகாமல், வட்டம் வீட்டுக்கே வந்தது.

கிடங்கு வாசலில் மருமகளின் போன் அடித்தது. ஆர்டர் எடுப்பதும் ஆட்களை அனுப்புவதும் அவள் பொறுப்பு. யார் என்று பார்த்துவிட்டுப் போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

“மாமா, பின் தெரு டியூஷன் டீச்சர். சாயங்கால வகுப்புக்குப் பன்னிரண்டு நாற்காலி. மாச வாடகைக்கு வேணுமாம்.”

“சில்லறையா விடறதில்லைன்னு சொல்லு.”

“மூணு தடவை சொல்லியாச்சு. இது நாலாவது தடவை.”

“நாலாவது தடவையும் அதையே சொல்லு. பன்னிரண்டு நாற்காலியத் தலையில வெச்சுக்கிட்டு நம்ம ஆள் தெருவுல நடந்தா, வட்டம் வீட்டுக்கு வந்த நிலைமையப் பாருன்னு நாலு பேர் பேசுவாங்க.”

மருமகள் போனைக் காதில் வைத்தாள். “டீச்சர், மாமா குளிச்சிட்டு இருக்காங்க. வந்ததும் கேட்டுச் சொல்றேன்.”

பெரியவர் அவளையே பார்த்தார். “நான் குளிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“டீச்சரைப் பொறுத்தவரைக்கும் ஒரு மாசமா குளிச்சிட்டுத்தான் இருக்கீங்க, மாமா.”

வேன் கிளம்பும் நேரத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர் வந்து முன் இருக்கையில் ஏறியதை யாரும் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்தார். அவர் முதுகு மட்டும் இருக்கையில் சாயவில்லை.

வீட்டம்மா வாசலுக்கு வந்தாள். “நாற்காலி போடப் போறீங்களா, சண்டை போடப் போறீங்களா?”

“கேக்கப் போறேன். என்ன சொல்றான்னு கேக்காம ஒருத்தனக் குறை சொல்லக் கூடாது.”

“கேட்டுட்டுக் குறை சொல்லலாம்,” என்றாள் அவள், உள்ளே போய்க்கொண்டே.

*

அரங்கில் சின்னவன் கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டினான். கயிற்றை ஒட்டி நாற்காலியின் முன்கால்கள் நிற்க வேண்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே, உட்கார்ந்தவரின் முழங்கால் இடிக்காத அளவு இடம். அந்த வீட்டில் அளவுகோல் கிடையாது. உட்கார்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

பாதி அரங்கு நிறைந்ததும், கழுத்தில் அட்டை தொங்க ஏற்பாட்டாளர் ஓடி வந்தார்.

“அண்ணே, இது போதும். மீதி வெளியில இருக்கட்டும்.”

“மொத்தத்துக்கும் ஆள் வரும்னு சொன்னீங்களே?”

“வருவாங்க. வந்து கொஞ்ச நேரம் நிக்கட்டும். நான் சைகை காட்டுனதும், எல்லாரும் பார்க்கற மாதிரி நடுவால கொண்டு வந்து போடுங்க.”

அவர் போனதும் மருமகள் கணவனின் பக்கம் சாய்ந்தாள். “எதுக்காம்?”

“எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம்னு தெரியணுமாம்.”

“எதிர்பார்த்துத்தானே இத்தனையும் கொண்டு வரச் சொன்னாங்க?”

“நீ கொஞ்சம் சும்மா இரு.”

பெரியவர் தூணோரமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். ஏற்பாட்டாளர் அவரிடமும் வந்தார்.

“ஐயா, டிக்கெட் எடுத்தவங்களுக்கு மட்டுந்தான் உக்கார இடம்.”

“நாற்காலி என்னுது.”

ஏற்பாட்டாளர் யோசித்துப் பார்த்தார். கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் போனார்.

கூட்டம் வந்தது. கடைக்காரர்கள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள். சொன்னபடியே கொஞ்ச நேரம் நின்றார்கள். சொன்னபடியே நாற்காலிகள் நடுவே வந்தன. போட்டு முடித்த சின்னவனும் மருமகளும் கடைசி வரிசையின் மறுகோடியில் உட்கார்ந்தார்கள். ‘அம்மாடி, எவ்வளவு கூட்டம்’ என்று யாரோ சொல்வது பெரியவர் காதில் விழுந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு வட்டம் போட்ட நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒரு பெண் குழந்தையோடு நிற்க வேண்டியிருந்தது. அவர் பார்வையில் அது வீட்டுக்கு ஒரு குறை.

பயிற்சியாளர் மேடையேறினார். அந்தப் புழுக்கத்திலும் கோட்டுப் போட்டிருந்ததால், கடைசி வரிசையில் அவருக்கு உடனே ‘கோட்டுக்காரர்’ என்று பெயர் விழுந்தது. ஆனால் குரல் நன்றாக இருந்தது. மிரட்டவில்லை, கத்தவில்லை. மேடையை விட்டு இறங்கி வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து பேசினார்.

“முதல்ல பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கை குடுங்க. ‘நீங்க பணக்காரர்’னு சொல்லுங்க.”

பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்காரர். கனத்த உடம்பு, சிரித்த முகம். கையை நீட்டினார்.

“நீங்க பணக்காரர்.”

“உங்களுக்கு யார் சொன்னது?” என்றார் பெரியவர்.

பேக்கரிக்காரர் நீட்டிய கையோடு சற்று நேரம் இருந்துவிட்டு, மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் உங்களுக்குப் பாடம் நடத்தப் போறதில்ல,” என்றார் கோட்டுக்காரர். “மூணு கேள்வி கேக்கப் போறேன். அவ்வளவுதான். முதல் கேள்வி. உங்ககிட்ட எது சும்மா கிடக்குது?”

“மாடி ரூம்,” என்றது ஒரு குரல்.

“தையல் மெஷின்.”

“என் வீட்டுக்காரர்,” என்றாள் ஒரு பெண். அரங்கு சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சின்னவன் சிரிக்கவில்லை. சனி, ஞாயிறு விட்டால் கிடங்கு கூரை வரைக்கும் நாற்காலி அடைத்துக் கிடப்பது அவன் கண்முன் வந்தது.

“ரெண்டாவது கேள்வி. அது சும்மா கிடக்க யார் காரணம்? சத்தமா வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சண்டை வந்துடும். மனசுக்குள்ள பேரைச் சொல்லிக்குங்க.”

சின்னவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். மருமகள் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் தூண் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் திரும்பாததைத்தான் பெரியவர் கவனித்தார். ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

“மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு,” என்றார் கோட்டுக்காரர். “ஆளையே மாத்திப்போடற கேள்வி. அதை அடுத்த ஞாயிறு, முழு வகுப்போட முதல் நாள்ல கேக்கறேன்.”

அரங்கு ஏமாற்றத்தோடு மூச்சு விட்டது. அந்த மூச்சில் பெரியவருடையதும் இருந்தது. அவர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இசை மெல்ல எழுந்தது.

“எல்லாரும் எழுந்து நில்லுங்க. கண்ண மூடுங்க. பத்து வருஷம் கழிச்சு நீங்க ஒரு கதவைத் திறக்கறீங்க. உள்ள என்ன இருக்குன்னு நல்லாப் பாருங்க.”

இங்கே வட்டம் வீட்டின் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் மொத்தமாக எழுந்தால் நிகழ்ச்சி முடிந்தது என்று பொருள். அந்த நொடியே கடைசி வரிசையில் அடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். தாமதித்தால், ஜனங்கள் நாற்காலியை இழுத்து வட்டமாகப் போட்டுக்கொண்டு கதை பேச உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. கால் நிமிர்ந்தால் கை எழும். அதுவும் சத்தமில்லாமல். மேடையில் பேசுகிறவரின் காதில் ஒரு ‘டக்’ கூட விழாமல் அடுக்குவது அந்த வீட்டுக்கே உரிய திறமை.

வாசலில் நின்ற லோடு ஆட்கள் கூட்டம் எழுந்ததைப் பார்த்தார்கள். ஆரம்பித்தார்கள்.

மருமகள் தன் நாற்காலியைத் தூக்கிப் பக்கத்து நாற்காலி மேல் வைத்தாள். சின்னவன் கண்ணை மூடியபடியே, முகத்தில் ஒரு தெளிவோடு, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று எடுத்து அடுக்கினான். பெரியவரும் விதிவிலக்கல்ல. நினைத்தாவது பார்த்தாரா என்றால், அதுவும் இல்லை. அவர் கையில் ஐந்து நாற்காலி சேர்ந்திருந்தது. கோட்டுக்காரரும் அந்தக் கதவை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று கண்ணை மூடித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசி மூன்று வரிசை சுவரோரம் போய்ச் சேர்ந்தது. ஒருவர் காதிலும் ஒன்றும் விழவில்லை.

“நல்லது. இப்ப கண்ணத் திறக்காமலே, மெதுவா, உங்க நாற்காலியில உக்காருங்க.”

முதலில் விழித்துக்கொண்டவர் பெரியவர். பேக்கரிக்காரர் முகம் நிறையச் சிரிப்போடு, வெறும் காற்றை நம்பி இறங்கிக்கொண்டிருந்தார். அடுக்கின் மேல் நாற்காலியை உருவி, இரண்டே எட்டில் போய், அவருக்குக் கீழே தள்ளினார் பெரியவர். நாற்காலி முனகியது. தாங்கிக்கொண்டது.

அதன் பிறகு அங்கே ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது. சின்னவன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், லோடு ஆட்கள் நடுவில். இறங்கிக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு நாற்காலி போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு டெய்லரம்மாவை மட்டும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அவர் நிதானமாகத் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுவும் பயிற்சிதானா?”

முன்வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது. கோட்டுக்காரர் மைக்கில் என்னவோ சொல்லிப் பார்த்தார். கேட்க ஆள் இல்லை. கட்டணம் கட்டும் மேசையைச் சுற்றி நிற்க வேண்டிய கூட்டம் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தது.

*

“வேணும்னே பண்ணீங்களா?” என்றார் ஏற்பாட்டாளர். முகம் சிவந்திருந்தது.

“யார் நிகழ்ச்சியையும் வேணும்னு கெடுக்கற வீடு இல்ல இது,” என்றார் பெரியவர். “கூட்டம் எழுந்தா அடுக்கறது எங்க பழக்கம். ஆனா முடிஞ்சுதான்னு கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு எங்களுது. இன்னிக்கு வாடகை வேண்டாம்.”

ஏற்பாட்டாளருக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதற்குள் பெரியவர் பணப்பையை எடுத்துவிட்டார்.

“மூணு டிக்கெட் குடுங்க.”

“முடிஞ்சு போச்சே ஐயா?”

“மூணு பேர் உக்காந்து கேட்டோம். வட்டம் வீட்டுக்காரங்க ஓசியில கேட்டுட்டுப் போனாங்கன்னு நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாது.”

டிக்கெட்டுகள் கைமாறின. ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைக் காட்டினால் முழு வகுப்பின் முதல் நாளுக்கு மட்டும் இலவசமாக உள்ளே விடுவார்களாம். பெரியவர் அதைப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பயிற்சியாளர் வந்தார். கோட்டில்லாமல் சாதாரண மனிதராகத் தெரிந்தார். நேரே சின்னவனிடம் போனார்.

“எத்தனையோ ஊர்ல பேசியிருக்கேன். தூங்குன ஆளப் பார்த்திருக்கேன், எழுந்து போன ஆளப் பார்த்திருக்கேன். கண்ண மூடிக்கிட்டே நாற்காலி அடுக்குனீங்கன்னு உங்க ஆளுங்க சொன்னாங்க. அப்படி ஒரு ஆள இன்னிக்குத்தான் பார்க்கறேன். கதவைத் திறந்தீங்களே தம்பி, உள்ள என்ன இருந்துச்சு?”

சின்னவன் கூச்சப்பட்டான். “நாற்காலி.”

“நாற்காலியா?”

“பங்களா வரும்னுதான் நினைச்சேன் சார். வரல. பெரிய இடம், நிறைய நாற்காலி. எல்லாத்துலயும் ஆள் உக்காந்திருந்தாங்க. ஒண்ணுகூட சும்மா இல்ல.”

கோட்டுக்காரர் கோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அவருக்குத் தொழில் நினைவு வந்தது. “உங்கள மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். சேர்ந்துடுங்க.”

மேசை பக்கத்திலேயே இருந்தது. ஏற்பாட்டாளர் பேனா மூடியைத் திறந்து வைத்தார்.

சின்னவன் காசோலையை வெளியே எடுத்தான்.

பெரியவர் திரும்பிக்கொண்டார். சற்றுத் தள்ளிப் போய், வரிசைக்குக் கட்டிய கயிற்றை அவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்தார். மகன் எழுதுவதை அவர் பார்க்கவும் மாட்டார், எழுதாதே என்று ஒரு பார்வையாவது பார்த்துவிடவும் மாட்டார். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகு மட்டும் தெரிந்தது. மருமகள் அந்த முதுகையும் கணவனின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?” என்றான் சின்னவன்.

“கேளுங்க.”

“முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ரெண்டாவதுக்கும் தெரியும். ஆனா அந்த ரெண்டாவது பதில, அதுக்கு உரியவர்கிட்டப் போய்ச் சொல்ல தைரியம் வரல. அதுக்கு உங்க மூணு மாச வகுப்புல ஏதாவது இருக்கா?”

கோட்டுக்காரர் தூரத்தில் கயிறு சுற்றும் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பொய் சொல்ல மாட்டேன். இல்ல. எங்க அப்பாகிட்ட நானே இன்னும் பேசல.”

ஏற்பாட்டாளர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சின்னவன் காசோலையை மடித்து மீண்டும் பைக்குள் வைத்தான்.

“அப்ப அதை முடிச்சுட்டு வர்றேன் சார்.”

காலி அரங்கில் மெல்லப் பேசினாலும் கேட்கும். சுற்றி முடித்த கயிற்றை அவிழ்த்து, பெரியவர் இன்னொரு முறை சுற்றினார்.

*

வேனில் மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி பாதித் தூரம் வந்துவிட்டது.

“டிக்கெட் காசுக்கு மோசமில்ல,” என்றார் பெரியவர்.

சின்னவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். “முழு வகுப்பு?”

“அதை நான் சொல்லக் கூடாது.”

“நானே சொல்றேன். வேண்டாம்பா. நல்ல மனுஷன்தான். ஆனா எனக்கு வேண்டியது அவர்கிட்ட இல்ல.”

மருமகள் வெகுநேரமாக அடக்கி வைத்த மூச்சை விட்டாள். “அப்ப வேன் எடுத்துடலாம்?”

“வேனும் இப்ப வேண்டாம்.”

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

“இருக்கற நாற்காலியே வாரத்துல அஞ்சு நாள் தூங்குது. இன்னொரு வேன் வந்து எதை ஏத்தும்?”

சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது.

“தூங்குதுன்னா,” என்றார் பெரியவர், நேரே சாலையைப் பார்த்தபடி, “அதுக்கு யார் காரணம்? சொல்லேன்.”

சின்னவன் சிக்னலையே பார்த்தான். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீங்கதான்பா.”

சொல்லிவிட்டான். வானம் இடிந்து விழவில்லை. பெரியவர் அசையவும் இல்லை.

“சின்ன ஆர்டர் எதையும் எடுக்க விடறதில்ல. கேட்டா மரியாதை குறையும்னு சொல்வீங்க. கிடங்குல தூசி பிடிச்சுக் கிடக்கறதுல என்னப்பா மரியாதை இருக்கு?”

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது.

“பச்சை விழுந்துடுச்சு,” என்றார் பெரியவர். “ஓட்டு.”

வீடு நெருங்கும்போது மருமகள் ஒன்றைப் பார்த்தாள். மாமாவின் முதுகு இருக்கையில் சாய்ந்திருந்தது.

*

வாசலில் காத்திருந்த வீட்டம்மா மூன்று முகங்களையும் பார்த்தாள். “என்ன ஆச்சு?”

“நாற்காலியப் போட்டோம் அத்தை. எடுத்தோம். மறுபடி போட்டோம்,” என்றாள் மருமகள். டீ குடித்துக்கொண்டே டெய்லரம்மா கதையை அவள் நடித்துக் காட்ட, மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேள்விகளையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பெரியவர் டீயை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. சின்னவன் எட்டிப் பார்த்தபோது, கூரையைத் தொடும் அடுக்குகளுக்கு நடுவே ஒற்றை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“உன் வீட்டுக்காரியக் கூப்பிடு,” என்றார்.

மருமகள் வந்து நின்றாள்.

“டீச்சருக்குப் போன் போடு. தலையில தூக்கிக்கிட்டுப் போறதெல்லாம் கிடையாது. வேன்லதான் போகும். துடைச்சு, வட்டம் வெளியில தெரியற மாதிரி அடுக்கிப் போகணும்.”

“சரி, மாமா. பன்னிரண்டுதானே?”

“பதினஞ்சு.”

“பன்னிரண்டுக்குத்தான் வாடகை சொன்னாங்க.”

“பன்னிரண்டுக்கே வாங்கிக்க. கூட ரெண்டு மூணு பேர் வந்துட்டா என்ன பண்ணுவாங்க? நம்ம நாற்காலி இருக்கற இடத்துல ஒருத்தர் நிக்கக் கூடாது.”

சின்னவன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். காலையில், வெளியே நாற்காலி இருக்க, உள்ளே ஜனங்கள் நின்றது இருவருக்குமே நினைவு வந்தது.

மருமகள் போனைக் காதில் வைத்தாள். “டீச்சர், மாமா குளிச்சு முடிச்சுட்டாங்க.”

சின்னவன் காசோலையை எடுத்து நீட்டினான். “இந்தாங்கப்பா. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“குடுத்ததைத் திரும்ப வாங்கற வழக்கம் இந்த வீட்டுல இல்ல,” என்றார் பெரியவர். “பேர் எழுதற இடம் காலியாத்தானே இருக்கு? இருக்கட்டும். நல்ல பேரா வரும்.”

*

அந்தி நேரத்தில் வீட்டம்மா அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையைத் துழாவியபோது மூன்று சீட்டுகள் வந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“அடுத்த ஞாயிறுன்னு போட்டிருக்கு. அன்னிக்கு ஆர்டர் எதுவும் இல்லையே?”

பெரியவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தார். “மூணாவது கேள்விய அந்தாள் சொல்லாம நிறுத்திட்டான்.”

“அதுக்கு?”

“என்னன்னு தெரிய வேண்டாமா?”

“ஓசியிலயா போவீங்க?”

“காசு குடுத்து வாங்குன டிக்கெட்டோட வந்த சீட்டு. ஓசி ஆகாது.” செய்தித்தாள் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. “மூணு இருக்கு. சின்னவன் வந்தா வரட்டும். நீ வர்றியா?”

திருமணமான நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. நாற்காலிகள் போகாத கூட்டம் கிடையாது. நாற்காலிக்காரரின் மனைவி மட்டும் போனதில்லை.

அவள் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். மடித்த துணிகளை வைக்க அங்கே ஓர் உயரமான இடம் உண்டு. பூப்போட்ட துணியால் மூடியிருக்கும் தையல் மெஷின். பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்தது. வட்டம் வீட்டுப் பெண் ஊராருக்குத் துணி தைப்பதா என்று ஒரு பேச்சு வந்த நாளில் மூடியது. அன்றைக்கு அந்தப் பேச்சைப் பேசியவர் இன்றைக்குச் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

“கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “ரெண்டாவது கேள்விக்கு மனசுக்குள்ளதான் பதில் சொல்லணுமாமே?”

“ஆமா.”

“எனக்கு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. அங்க வந்து சத்தமாச் சொல்லிட்டா பரவாயில்லையா?”

செய்தித்தாள் அசையவில்லை.

மெஷின் மேலிருந்த துணிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பூப்போட்ட துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, ஏதோ தோன்றியது போல, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

அந்தச் சத்தம் கூடத்தில் நன்றாகவே கேட்டது.